ராத்திரி எங்கே படுக்கும்? மலையில் நாய், பூனை மீட்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்து முதல்முறையாக ஒரு நாயையோ பூனையையோ வீட்டுக்குள் கொண்டுவரப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முக்கியமாக, கையில் காசு குறைவு, ஆனாலும் தேயிலைக் காட்டோரம் கத்திக்கொண்டிருக்கும் குட்டியைத் தாண்டிப் போக மனசு கேட்கவில்லை என்பவர்களுக்கு. சொல்வதில் பெரும்பகுதி கொடைக்கானல் பக்கத்துக்கும் பொருந்தும். மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

1. தூக்குவதற்கு முன்

கீழே, சமவெளியில், ஒரு குட்டியை எடுத்தால் என்ன சாப்பாடு கொடுப்பது என்றுதான் முதலில் கேட்பார்கள். மலையில் முதல் கேள்வி வேறு. இன்றைக்கு ராத்திரி அது எங்கே படுக்கும்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

முதல் காரணம் சிறுத்தை. குன்னூர், கோத்தகிரி, உதகை என்று எந்தப் பக்கம் போனாலும் வாசலில் கட்டிய நாயைச் சிறுத்தை தூக்கிப்போன கதை ஒன்று இருக்கும். சங்கிலியில் கிடக்கும் நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. வீட்டுக்குக் காவல் என்று சொல்லி வெளியே கட்டுவது சிறுத்தைக்கு இலை போட்டு வைப்பது போலத்தான். ஒருமுறை சுலபமாகக் கிடைத்த இடத்துக்கு அது மறுபடி வரும். அந்த வாசலில்தான் உங்கள் குழந்தைகளும் விளையாடுகிறார்கள்.

இன்னொரு காரணம் குளிர். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் காலையில் எழுந்து பார்த்தால் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். பிறந்து நான்கு வாரம் ஆகாத குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே பிடித்துவைக்க முடியாது. மலையில் தனியாகக் கிடக்கும் குட்டி பசியால் சாவதற்கு முன்பே குளிரால் செத்துவிடும்.

ஆகவே கதவும் தாழ்ப்பாளும் கூரையும் உள்ள ஓர் இடம் வேண்டும். சமையலறை மூலை போதும், விறகுக் கொட்டகைக்குக் கதவு இருந்தால் அதுவும் போதும். கம்பிவலைக் கூண்டு வைப்பதாக இருந்தால் கோழிவலை உதவாது. கனமான கம்பி வேண்டும், மேற்புறமும் மூடியிருக்க வேண்டும். லைன் வீட்டில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், இருப்பவர்கள் எஸ்டேட் ஆபீசில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில எஸ்டேட்டுகளில் நாய் வளர்க்க விட மாட்டார்கள். வளர்ந்த பிறகு 'எங்கேயாவது விட்டுவிட்டு வா' என்று சொன்னால் நாயும் பாவம், நீங்களும் பாவம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் இதே பேச்சு.

இடம் இல்லையா? அப்போதும் ஒதுங்க வேண்டியதில்லை. அந்த நாய் இருக்கும் இடத்திலேயே அதற்குச் சோறு போடுங்கள், ரேபிஸ் ஊசி போடுங்கள், கருத்தடை செய்ய ஏற்பாடு பண்ணுங்கள். வீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் மீட்பு என்று எந்தச் சட்டமும் இல்லை. என் அனுபவத்தில் ஒரு லைனில் பத்து வீடு சேர்ந்து பார்த்துக்கொள்ளும் நாய், ஒரே வீட்டில் நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாயைவிட நன்றாகவே இருக்கிறது.

2. இது யாருடைய குட்டி?

தனியாகக் கிடப்பதெல்லாம் அநாதை ஆகிவிடாது. தாய் நாய் இரை தேடிப் போயிருக்கும். தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும், நடுவில் நீங்கள் போய் ஒன்றைத் தூக்கிவிடுவீர்கள். தூரமாக நின்று ஓரிரு மணி நேரம் பாருங்கள். குட்டியின் வயிறு நிறைந்து, உடம்பு சூடாக, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. உடம்பு சில்லிட்டு, விடாமல் கத்தினால், அல்லது கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தால் காத்திருக்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேயிலைச் செடிக்கு அடியில் புள்ளியோடு ஒரு பூனைக்குட்டி கிடந்தால் அது பூனைக்குட்டியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காட்டுப்பூனைக் குட்டியாக இருக்கலாம், சிறுத்தைக் குட்டியாகவும் இருக்கலாம். கொழுந்து பறிக்கும் இடத்தில் தாய்ச்சிறுத்தை குட்டியை வைத்துவிட்டுப் போவது உண்டு. தொடாதீர்கள், செல்போனில் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள், ஆட்களை விலக்கிவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தாய் பக்கத்திலேயே இருக்கும், சாயங்காலம் வந்து எடுத்துப் போக வாய்ப்பு அதிகம். குரங்குக் குட்டி, மலை அணில், ஆந்தை எல்லாவற்றுக்கும் இதே விதி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கை வீட்டில் வைத்திருப்பது குற்றம், பாசத்தால் வைத்திருந்தாலும்.

3. கையில் எடுப்பது

வலியில் இருக்கும் நாய் கடிக்கும். நீங்கள் மூன்று வருடமாகச் சோறு போட்ட நாயாக இருந்தாலும் கடிக்கும். பழைய சேலைத் துணியை நீளமாகக் கிழித்து, நடுவில் ஒரு சுருக்குப் போட்டு, மூக்குத்தண்டின் மேல் மாட்டி இறுக்கி, இரண்டு முனையையும் தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுபோய்க் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாய்க்கட்டு கூடாது. அடிபட்ட நாயைக் கையால் தூக்காமல் ஜமுக்காளத்தில் அல்லது கனமான சாக்கில் மெல்ல இழுத்துக் கிடத்தி, இரண்டு பேர் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு தப்பும். பூனைக்குக் கொழுந்துச் சாக்கைவிட நல்ல பை கிடையாது. தலை முதற்கொண்டு சுற்றி, வாயைக் கட்டி, மூச்சுக்கு வழி விட்டால் போதும்.

ரேபிஸ் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரேபிஸ் என்றால் வெறிபிடித்து ஓடும் நாய்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அமைதியான வகையும் உண்டு. நாய் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வழியும், குரல் மாறியிருக்கும், தண்ணீர் விழுங்க முடியாது. பார்ப்பவர்கள் 'தொண்டையில் எலும்பு மாட்டிக்கிச்சு' என்று வாய்க்குள் கையை விடுவார்கள். மாட்டுக்கும் இப்படி வரும். எச்சில் வழிந்துகொண்டு விழுங்க முடியாமல் இருக்கும் எந்த விலங்கின் வாய்க்குள்ளும் கையை விடாதீர்கள். தள்ளி நின்று கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கடி பட்டால், கீறல் பட்டால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நாம் நினைப்பதைவிட அது நீண்ட நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அப்புறம் நேராக அரசு மருத்துவமனை. ஊசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால் முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் அடுத்தடுத்த ஊசிகள். காயத்தில் ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், அதை நீங்களே கேளுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது சரிதான், ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் இன்னும் பயமுறுத்துவார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து 2004ஓடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போது கையில்தான் ஊசி. ரேபிஸுக்காகவே 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய ஊர் குன்னூர். அந்த ஊர் இருக்கும் மலையில் ஊசிக்குப் பயந்து ஒருவர் சாவது எந்த விதத்திலும் நியாயமில்லை. அடிக்கடி மீட்பு வேலைக்குப் போகிறவர்கள் கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

4. முதல் இரவு

சில்லிட்ட குட்டிக்கு உடனே பால் ஊற்றாதீர்கள். குளிர்ந்த வயிறு செரிக்காது, பால் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும். முதலில் சூடு. பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். கரி அடுப்பைப் பூட்டிய அறைக்குள் வைக்க வேண்டாம். அந்தப் புகையில் மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

உடம்பு சூடான பிறகு பால். பசும்பால் நிறையக் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், பூனைக்குட்டிகளுக்கு இன்னும் அதிகமாக. மருந்துக்கடையில் குட்டிகளுக்கான பால்பொடி கிடைத்தால் நல்லது. கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கொருமுறை, குப்புறப் படுக்கவைத்து, சொட்டுச் சொட்டாக. குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் நுரையீரலுக்குள் பால் போய்விடும். ஒவ்வொரு முறையும் பாலுக்குப் பிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும், அந்த வேலையைத் தாய் நாக்கால் செய்துகொண்டிருந்தது.

நான்கைந்து வாரம் ஆன குட்டிக்குச் செலவு குறைவு. குழைத்த சோறு, அவித்த முட்டை, கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரல், இவை போதும். வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டாம், பிளந்து குடலைக் குத்தும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதுக்குட்டியைப் பத்துப் பதினைந்து நாள் தனியாக வையுங்கள். ஏன் என்பது அடுத்தடுத்த பகுதியில்.

5. எங்கே கொண்டுபோவது

முதலில் அரசு கால்நடை மருந்தகம். மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் அது என்று நினைத்துக்கொண்டு பலர் உள்ளேயே போவதில்லை. நாய், பூனைக்கும் பார்ப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மருத்துவர் கிராமத்துக்கோ முகாமுக்கோ கிளம்பியிருக்கக்கூடும். நாய்களுக்கான சில ஊசி மருந்துகள் அங்கே இருப்பில் இருக்காது, நீங்களே வாங்கிக் கொண்டுபோனால் போட்டுவிடுவார்கள். அப்படி வாங்கும்போது ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டுபோங்கள். மலையில்தான் குளிராக இருக்கிறதே என்று சட்டைப்பையில் போட்டுப் போவது தப்பு, உறையவிடுவதும் தப்பு. தடுப்பூசி மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும்.

1962 என்ற எண் கால்நடை ஆம்புலன்ஸுக்கானது. கறவை மாடுகளுக்குத்தான் முதலிடம், மலைப்பாதையில் வண்டி வரவும் நேரமாகும். அடிபட்டுக் கிடக்கும் மாடு, குதிரை என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். சீசன் முடிந்ததும் மட்டக்குதிரைகள் ரோட்டோரம் குப்பை மேய்வதை உதகையிலும் பார்க்கலாம், கொடைக்கானலிலும் பார்க்கலாம். அவற்றுக்கும் இதே எண்தான்.

தொண்டு அமைப்புகளும் உண்டு. உலகக் கால்நடை மருத்துவச் சேவை, அதாவது டபிள்யூ.வி.எஸ்., ஊட்டியில் பயிற்சி மையம் வைத்திருக்கிறது. கால்நடை மருத்துவர்கள் கருத்தடை அறுவைச் சிகிச்சை பழக அங்கே வருகிறார்கள். மசினகுடிப் பக்கம் மாவனல்லாவில் ஐபேன் என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய விலங்குக் காப்பகம் இருக்கிறது. எஸ்.பி.சி.ஏ. எனப்படும் வதைத்தடுப்புச் சங்கம் மாவட்டந்தோறும் இருக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு மத்திய விதி சொல்கிறது. எங்கே போனாலும் முன்னால் போன் செய்துவிட்டுப் போங்கள். 'கொண்டுவந்து விடலாமா?' என்று கேட்காதீர்கள். எல்லாக் காப்பகமும் நிரம்பித்தான் இருக்கிறது, இல்லை என்றுதான் சொல்வார்கள். 'நானே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், கருத்தடைக்கும் ஊசிக்கும் உதவ முடியுமா?' என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

மலையில் வைத்தியச் செலவைவிட வண்டிச் செலவுதான் பல சமயம் அதிகம். கூடலூர், கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்களிலிருந்து ஒரு நாய்க்காக ஜீப் பிடித்தால் ஊசியின் விலையைப்போலப் பல மடங்கு வாடகைக்கே போய்விடும். லைனில் யார் யார் வீட்டில் நாய், பூனை இருக்கிறதோ எல்லோரிடமும் சொல்லி, ஒரே நாளில் சேர்ந்து போங்கள். 'அக்கா, புதன்கிழமை நம்ம டாமிக்கு ஊசி, உங்க ராஜாவையும் கூட்டிட்டுப் போயிடலாமா?' என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. ஐந்தாறு நாய் சேர்ந்தால் மருத்துவரை லைனுக்கே வரச்சொல்லிக் கேட்கலாம். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 ரேபிஸ் தினம். இந்த இரண்டையும் ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடத்துவார்கள். ஒரு வாரம் முன்பே மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள்.

6. பணம் எங்கே போகிறது

கையில் இருப்பது கொஞ்சம் பணம் என்றால் அதை எந்த வரிசையில் செலவழிப்பது? குடல்பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை. பெல்ட்டும் ஷாம்பூவும் பாக்கெட் தீனியும் இதற்கெல்லாம் அப்புறம். தீனி வாங்காமலே விட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது.

குடல்பூச்சி மருந்து மிக மலிவு. குட்டிக்கு மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர் சொல்வார்.

தடுப்பூசியில் மக்கள் ரேபிஸை மட்டும் போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் பார்வோ என்ற வைரஸ் நோய். திடீரென்று சாப்பாட்டை வெறுக்கும், வாந்தி எடுக்கும், ரத்தம் கலந்து நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கு வரும், இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். பிழைக்க வைக்க வேண்டுமென்றால் தினமும் டிரிப்ஸ், பல ஆயிரம் ரூபாய். தடுக்கும் கூட்டு ஊசிக்கு அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தது, மூன்று மாதத்தில் ரேபிஸ், பிறகு வருடாவருடம். அந்தக் கூட்டு ஊசியிலேயே எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து வருவது கிடைக்கும். பந்தலூர், தேவாலா மாதிரி மழை கொட்டும் ஊர்களில் அதையே கேளுங்கள்.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், குளிர்ந்த ஈர மண் அதற்கு இன்னும் வசதி. ஒரு குட்டி பார்வோவில் செத்த வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவருவது அதையும் சாகக் கொடுப்பதுதான். சோப்பும் பினாயிலும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். புதுக்குட்டியைத் தனியாக வையுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் செந்நாய்க்கும் தொற்றும் என்பதையும் காட்டோரம் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கருத்தடையைப் பற்றி எல்லோருக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது. 'ஒரு தடவை குட்டி போடட்டும்' என்பார்கள். அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. பெண் நாய் 63 நாளில் குட்டி போடும், வருடத்துக்கு இரண்டு முறை சூட்டுக்கு வரும். குட்டிகளில் பெண்ணாகப் பிறந்தவற்றை யாரும் கேட்க மாட்டார்கள், அவைதான் மறுபடி தேயிலைக் காட்டோரம் வந்து சேருகின்றன. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயசான காலத்தில் கருப்பையில் சீழ் பிடிப்பதும் மார்புக் கட்டி வருவதும் சாதாரணம். அப்போது ஆகும் அறுவைச் செலவை ஏழை வீடு தாங்காது. ஆறு மாதம் தாண்டியதும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

இதில் மலைக்கணக்கு ஒன்று உண்டு. தையல் போட்ட நாய் ஒரு வாரம் பத்து நாள் நனையக் கூடாது. கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை, கொடைக்கானலிலும் அப்படியே. உலர்ந்த இடம் இல்லாத வீடாக இருந்தால் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். மயக்கம் தெளியும்போது உடம்புச் சூடு இறங்கும், போர்வை கொண்டுபோங்கள்.

மருந்துச் சீட்டு எழுதும்போது நிறுவனப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரையே எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். நாய்க்கு எழுதும் சில ஆன்டிபயாட்டிக், வாந்தி மருந்துகள் மனிதர்களுக்கானவையேதான், மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். இபுபுரூபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தைப் பூனைமேல் தடவவே கூடாது.

7. மலைக்கே உரிய தொல்லைகள்

அட்டை: விரலிடுக்கில் ஏறினால் உப்புத்தண்ணீர் போதும். ஓடையில் தண்ணீர் குடிக்கும் நாயின் மூக்குக்குள் அட்டை போய்விடுவது வேறு விஷயம். ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம், ஓயாத தும்மல், காலால் மூக்கைத் தேய்ப்பது, இவை இருந்தால் மருத்துவரிடம் போங்கள். குச்சி விட்டுக் குடைய வேண்டாம்.

சுருக்குக் கம்பி: காட்டுப்பன்றிக்கு வைத்ததில் நாய் மாட்டும். இழுக்க இழுக்க இறுகும். கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்துவிட்டு, மேலே காயமே தெரியவில்லை என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், ரத்தம் நின்றுபோன சதை சில நாள் கழித்துத்தான் அழுகத் தொடங்கும். கம்பி இருந்த இடத்தை வனத்துறைக்குச் சொல்லுங்கள், அடுத்து மாட்டப்போவது சிறுத்தையாக இருக்கலாம்.

சாக்லேட்: ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தெருவுக்குத் தெரு விற்பது. சுற்றுலா வருபவர்கள் வர்க்கியோடு அதையும் நாய்க்கு வீசுகிறார்கள். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம், கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம். வர்க்கி பரவாயில்லை, வயிற்றுக்குத்தான் கேடு.

காட்டெருமை: துரத்துவது நாயின் குணம், குத்துவது அதன் குணம். சாயங்காலத்துக்கு மேல் நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

8. தத்துக் கொடுப்பதும் எடுப்பதும்

நல்ல வீடு என்பதற்குப் பணக்கார வீடு என்று பொருள் இல்லை. பெரிய பங்களாவில் வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வருடத்துக்கு இருமுறை வருகிறவர்களைவிட, நாள்கூலிக்குப் போய்விட்டு ராத்திரி நாயை உள்ளே படுக்கவைக்கும் குடும்பம் மேல். கேட்க வேண்டிய கேள்விகள் சில: ராத்திரி எங்கே படுக்கும்? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? வேலை மாறினால் கூட்டிப்போவீர்களா? பெண் குட்டி என்றால் கருத்தடைக்குச் சம்மதமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் குட்டியைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் கருத்தடை செய்த பிறகே கொடுங்கள்.

விடுதிக்காரர்கள் கேட்டால் நான் இரண்டு முறை யோசிப்பேன். ஏப்ரல், மே சீசனில் விருந்தினர் கொஞ்சுவதற்கு ஒரு குட்டி, மழைக்காலத்தில் அதே குட்டி ரோட்டில். எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

வெள்ளை நிறத்தில் புசுபுசுவென்று முடி வைத்த நாய்களைப் பார்த்து மயங்காதீர்கள். தினமும் சீவாவிட்டால் மலை ஈரத்தில் முடி சடை பிடித்து அடியில் புண்ணாகும். நாட்டு நாய்தான் செலவு குறைவு, குளிர்காலத்தில் அதற்கு உள்முடியும் அடர்ந்து வளர்ந்துகொள்ளும்.

கொடுக்கும்போது ஊசி அட்டை, ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பேர் கையெழுத்து, ஒத்துவராவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரி. அது போதும்.

9. சட்டம், சுருக்கமாக

வளர்த்த விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960 வதைத்தடுப்புச் சட்டத்தில் குற்றம். முதல்முறை அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய காசு இன்னும் மாறவில்லை. கொல்வதும் ஊனமாக்குவதும் வேறு, பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து வருடம்வரை சிறை. காவல்நிலையத்தில் புகார் கொடுக்கும்போது இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. பொதுவாகப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தால் அங்கேயே விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் பஸ் ஸ்டாண்டிலும் பள்ளிக்கூட வாசலிலும் வருடக்கணக்காகச் சோறு வாங்கித் தின்னும் சாதுவான நாய்களுக்குத்தான் இப்போது முதலில் வீடு தேட வேண்டும்.

10. கீழே கொண்டுபோக வேண்டி வந்தால்

எலும்பு முறிவு, பெரிய அறுவை, ஸ்கேன் என்றால் மலையில் வசதி குறைவு. உடுமலைப்பேட்டையிலும் தேனியிலும் 2020 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. தனியார் மருத்துவமனையில் சொல்லும் தொகையைக் கேட்டு மலைத்துப்போய்த் திரும்புவதற்கு முன் அங்கே விசாரியுங்கள். கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு. கொடைக்கானல்காரர்களுக்குத் தேனி கைக்கெட்டும் தூரம். மலை மருத்துவரிடம் ஒரு பரிந்துரைச் சீட்டும், இதுவரை போட்ட ஊசி, மாத்திரை விவரமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அங்கே முதலிலிருந்து எல்லாம் தொடங்கும், அதற்கும் பணம்.

பயணத்துக்கு முன் நாலைந்து மணி நேரம் வளர்ந்த நாய்க்குச் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். பால்குடிக் குட்டிக்கு இது பொருந்தாது. குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவு, வெறும் வயிற்றிலேயே பல நாய்கள் வாந்தி எடுக்கும். ஒரு பழைய துணியும் இரண்டு செய்தித்தாளும் மடியில் இருக்கட்டும். கம்பளிப் போர்வையைக் கல்லாறு தாண்டியதும் எடுத்துவிடுங்கள், மேலே குளிருக்குப் பழகிய நாய் மேட்டுப்பாளையம் வெயிலில் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். திரும்பி வரும்போது கீழேயே வண்டி பிடிப்பதாக இருந்தால், 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டிரைவர் எடுத்துவிட்டாரா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், சோதனைச்சாவடி வரிசையில் தையல் போட்ட நாயோடு காத்திருக்க வேண்டாம்.